முள் நடுவில் நின்றால் போதுமா?

சுருதி சேர்ப்பது காதின் வேலை. 1975-ல் அந்த வேலையில் கண்ணும் பங்கு கேட்டது. ஜப்பானின் கோர்க் நிறுவனம் அந்த ஆண்டு டபிள்யூடி-10 என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கையில் அடங்கும் பெட்டி. முகப்பில் ஒரு முள். கம்பியை மீட்டினால் சுரம் தாழ்ந்திருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று முள் சொல்லிவிடும். முள்ளுடன் கூடிய கையடக்க எலெக்ட்ரானிக் டியூனர்களில் உலகிலேயே இதுதான் முதலாவது.

அதற்கு முன்பும் இயந்திரம் இருந்தது. அமெரிக்காவின் கான் நிறுவனம் 1936-லேயே ஸ்ட்ரோபோகானை உருவாக்கியிருந்தது. சுழலும் தட்டின் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் சுருதி சேர்ந்துவிட்டது என்று பொருள். துல்லியமான கருவி, ஆனால் சட்டைப் பைக்குள் போகாது. சாதாரணக் கலைஞருக்குக் கிடைத்தது இசைக்கவையும் சொந்தக் காதும்தான். பக்கத்தில் டிரம்ஸ் அதிரும்போது இரண்டும் உதவாது. கிதாரின் ஒயரை நேராகப் பெட்டியில் செருகிச் சத்தமில்லாமல் சுருதி சேர்க்க முடிந்தபோது, மேடைக் கலைஞர்களின் பெரிய கவலை ஒன்று தீர்ந்தது.

1983-ல் பாஸ் நிறுவனத்தின் டியு-12 வந்தது. மீட்டியது 12 சுரங்களில் எது என்பதைக்கூட அதுவே கண்டுபிடித்தது. குமிழைத் திருப்பிச் சுரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் மிச்சம். அதுதான் குரோமாட்டிக் டியூனர்.

இங்கேதான் ஒரு சிக்கல். முள் பாரபட்சமற்றதுபோல் தெரிகிறது. ஆனால் அதற்கும் ஒரு கொள்கை உண்டு. ஆங்கிலேய அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ் 1885-ல் சுரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளக்க 'சென்ட்' என்ற அலகைப் பயன்படுத்தினார். ஒரு ஸ்தாயிக்கு 1,200 சென்ட். அதைச் சமமாக 12 கூறுகளாக்கினால் ஒவ்வொன்றும் 100. பியானோவின் கணக்கு இது. டியூனரின் கணக்கும் இதுவே.

இந்தக் கணக்கில் ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் 400 சென்ட் தொலைவில் இருக்கிறது. காதுக்கு இசைவாகப் படும் காந்தாரமோ 386-ல் இருக்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில், யாரும் மீட்டாமலே ஷட்ஜக் கம்பியிலிருந்து கிளம்பும் காந்தாரம் இந்த இரண்டாவது ரகம். முள்ளின் தீர்ப்பில் அது 14 சென்ட் குறை. கேட்பவர்கள் சொக்கிப்போகும் சுரத்தைப் பிழை என்கிறது கருவி!

12 இடங்களில் ஆணி அடித்தாற்போல் நிற்கும் சுரங்கள் இந்திய இசைக்கு ஒத்துவராது என்பது பழைய வழக்கு. ஆர்மோனியத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் அதுவும் ஒன்று. 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. அது தளர 1971 ஆயிற்று.

முள்ளின் பக்கமும் நியாயம் உண்டு. கிதாரின் மூன்றாம், இரண்டாம் கம்பிகளை 386 கணக்கில் இனிமையாகச் சேர்த்தால் ஜி கார்ட் தேனாக ஒலிக்கும். அடுத்து இ கார்ட் பிடித்ததும் அதே கம்பி காதை உறுத்தும். எல்லாக் கார்டுகளுக்கும் ஓரளவு பொருந்துவதற்காக ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதே சமப் பங்கீடு. கிதாருக்கு அந்தச் சமரசம் தேவை. ஒரே ஆதார சுருதியில் நிற்கும் இசைக்கு அது தேவையில்லை.

இன்று அந்தப் பெட்டியின் வேலையைச் செல்போன் செய்கிறது. பழைய முள் டியூனர்களைத் தேடி வாங்குவோரும் இருக்கிறார்கள். மீட்டிய கணத்தில் கம்பியின் சுரம் சற்று ஏறி, பிறகு இறங்கி அமரும். முள்ளும் கூடவே ஏறி இறங்கும். சுரம் என்பது புள்ளியல்ல, அசைவு என்பதை அது கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

ஆபத்து கருவியில் இல்லை. கற்கும் பருவத்திலேயே காதுக்கு ஓய்வு கொடுத்துவிடுவதில் இருக்கிறது. ஒரு கம்பியை முள்ளைப் பார்த்துச் சேர்க்கலாம். மற்றவற்றை அந்தக் கம்பியைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு சுரம் எங்கே நிற்கிறது என்பதுதான் முள்ளுக்குத் தெரியும். பக்கத்துச் சுரத்தோடு அது ஒத்துப்போகிறதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.