சத்தம் எங்கிருந்து வருது?

கோவை கணபதியில் சத்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே, இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஒரு ஒர்க்‌ஷாப். செகண்ட்ஹேண்ட் கார் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் தேடிவரும் இடம் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன்.

அன்று வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் கார். மேம்பாலம் ஏறும்போது மிதித்தால் வண்டி விக்குகிறது; 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கீழேயிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். முதலில் பார்த்த கடையில் பிளக் நாலையும் மாற்றியிருக்கிறார்கள். டயர் கடையில் நாலு டயரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

மெக்கானிக் பானெட்டில் கை வைக்கவில்லை. “காலைல எடுத்ததுமே விக்குதுங்களா, சூடானப்புறமா? ஏசி போட்டா அதிகமாகுதுங்களா? நிறுத்தி வெச்சு ரேஸ் பண்ணா வருதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே போனார். நின்ற இடத்தில் ஒன்றும் தெரியாது, ஆள் ஏறி மேடு ஏறினால்தான் என்றார் ஆசிரியர்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினார். ‘பி0302’. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. “எந்த வீட்ல சண்டைன்னு மிஷின் சொல்லிரும் சார். யாரு ஆரம்பிச்சதுன்னு சொல்லாது.” பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில், இஞ்செக்டர், கம்ப்ரஷன், எதுவாகவும் இருக்கலாம். புதுச் சாமான் எதுவும் வாங்காமல், இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் பூட்டினார். ஸ்கேனரில் பழைய எரர் கோடை அழித்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்துக்கு விட்டார். வந்து பார்த்தால் ‘பி0303’. காயிலோடு சேர்ந்து குறையும் இடம் மாறியிருந்தது. பாரம் ஏறி சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக்கில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் சமதளத்தில் சமாளித்துவிட்டு மேட்டில் கைவிடுகிறது.

அதே ஓட்டத்தில் இரைச்சலையும் பார்த்துவிட்டார். ஆளில்லாத நேர் ரோட்டில் 60-ல் நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் சத்தம் இறங்கியது, இரைச்சல் இறங்கவில்லை. அப்படியென்றால் அது சக்கரத்தைச் சேர்ந்தது. ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடிக்க, பாரம் இடப்பக்கம் சாய்ந்து இரைச்சல் கூடியது. இடப்பக்கம் ஒடித்ததும் அடங்கியது. “லெஃப்ட் பேரிங்குங்க.”

திரும்பி வந்து ஜாக்கி போட்டார். இடது முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் என் கையை வைக்கச் சொன்னார். காதில் பெரிதாக எதுவும் விழவில்லை. விரல்களில் நறநறவென்று ஓர் அதிர்வு. வலது பக்கத்தில் அது இல்லை. பிறகு பின் டயர்கள் இரண்டையும் தடவச் சொன்னார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு. எதிர்ப்பக்கமாகத் தடவினால் ஒவ்வொரு கட்டையும் விரலைத் தடுத்தது. “இதுவும் சத்தம் போடுமுங்க. ரோடு மாறினா டயர் சத்தம் மாறும், பேரிங் சத்தம் மாறாது. பேரிங் போட்டா பாதிக்கு மேல போயிரும். மீதி இந்த ரெண்டு டயரோடது. நாலும் வேண்டாம்.”

பேரிங் உட்கார்ந்திருக்கும் நக்கிலைக் கழற்றிக் கொடுக்க, கடைப் பையன் பக்கத்து லேத்துக்கு எடுத்துப் போனான். “வெளி ரிங்க அழுத்தித்தான் ஏத்தணும்னு சொல்லுடா” என்று பின்னாலேயே குரல் போனது. உள் ரிங்கை அழுத்தினால் அத்தனை விசையும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். புது பேரிங்கே இரைய ஆரம்பித்துவிடும்.

பில்லில் காயில், பேரிங், பிரஸ் கூலி, கழற்றிப் பூட்டிய கூலி எல்லாம் இருந்தன. கண்டுபிடித்ததற்கு மட்டும் ஒரு வரி இல்லை. ஏன் என்றேன். “பாத்ததுக்குக் காசுன்னா யாருங்க தருவாங்க? சாமான் மாறியிருக்கணும்.” முதல் கடை நாலு பிளக்கை மாற்றியதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். தேடி ஒன்றை மாற்றுகிறவரைவிட, தோராயமாக நாலை மாற்றுகிறவருக்குத்தான் பில் பெரிதாகிறது.

வாங்கும் முன் கார்களைப் பார்த்துச் சொல்ல மட்டும் இவர் தனியாகக் காசு வாங்குகிறார். அதற்கு யாரும் பேரம் பேசுவதில்லையாம். ஒரே நிபந்தனை, ஆளை ஏற்றி மேடு ஏற்றிப் பார்க்க விற்கிறவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால், காசு வாங்காமலே “அந்த வண்டி வேண்டாமுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.