மேடையில் மட்டும் இருந்த குரல்

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் உள்ள கெல்சென்கிர்ஷனில் தோன்றிய சோடம் என்னும் இசைக்குழு, 1988இல் ‘மார்ட்டல் வே ஆஃப் லைவ்’ என்ற இரட்டை லைவ் ஆல்பத்தை வெளியிட்டது. ட்ரம்ஸின் மிகு வேகத்தோடு, கிட்டார் தந்திகளை உள்ளங்கை ஓரத்தால் அழுத்தி நாதம் நீளாதபடி வெட்டி வெட்டி மீட்டுவதே த்ராஷ் மெட்டல் எனப்படும் இவ்வகை இசையின் அடையாளம். குழுவின் பாடகரான டாம் ஏஞ்சல்ரிப்பர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதை அறிந்து கேட்பவருக்கு, அந்த இரைச்சல் வெறும் இரைச்சலாக ஒலிப்பதில்லை. லைவ் ஆல்பம் என்பது மேடை நிகழ்ச்சியை நிகழும்போதே பதிந்த தொகுப்பு. ஒலிப்பதிவுக் கூடத்தில் பிழை நேர்ந்தால் மறுபடி பாடிச் சரிசெய்யலாம், மேடையிலோ தளர்ந்த மூச்சும் தாளத்தை முந்திவிடும் கையும் கூட்டத்தின் ஆரவாரமும் பாட்டோடு சேர்ந்தே பதிவாகின்றன. அதனாலேயே அது பாட்டுக்கு மட்டுமல்லாமல் கேட்டவர்களுக்கும் சாட்சியாகிறது.

தேவாரம் என்னும் ஊரை அடுத்த பண்ணைப்புரத்தின் பாட்டு வரலாற்றை நினைக்கையில் இந்தச் சாட்சியின் அருமை இன்னும் கூர்மையாகப் புலப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இவ்வூரில் பிறந்த பாவலர் வரதராசன், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில், மக்கள் அறிந்த மெட்டுகளில் அரசியலை ஏற்றிப் பாடியவர். மலைக்கு அப்பால் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் 1958இல் நடந்த இடைத்தேர்தலில், வாக்காளர்களுள் தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மிகுதியாக இருந்தமையால் அவருடைய பாட்டு அங்கே பிரச்சாரத்தின் வலுவான கருவியாயிற்று; கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்ற அத்தேர்தல், அப்போது ஓராண்டே ஆகியிருந்த நம்பூதிரிபாட் அமைச்சரவைக்கு மிக முக்கியமானது. 1943இல் பிறந்த தம்பி இளையராஜா, பின்னாளில் அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஹார்மோனியம் வாசித்தார்.

சுரங்கத் தொழிலாளரின் ஊரும் தேயிலைத் தொழிலாளரின் மலையும் இசையில் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஆயினும் உழைப்பவர் முன்னிலையில், அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டே பாடும் குரலுக்கு ஒரு தனிச் சூடு உண்டு. தம்பியின் இசை 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ திரைப்படம் முதற்கொண்டு இசைத்தட்டுகளில் நிலைபெற்றுவிட, அண்ணனின் மேடைக்குரலோ பெரிதும் கேட்டவர்களின் நினைவிலேயே தங்கிப்போனது. அவர் பாடிய சொற்களையும் மெட்டையும் எவரேனும் இன்று எழுதி வைத்துவிட முடியும். எந்த வரியில் கூட்டம் அடங்கிற்று, எந்த வரிக்குக் கைதட்டிற்று, மலைக்காற்றில் ஒலிபெருக்கி எங்கே கரகரத்தது என்பதை அவர் பாடிய இரவின் ஒலிநாடாவன்றி வேறெதுவும் சொல்லாது.