சத்திரம் டு தணிகை... ஒரு ராத்திரி ஓட்டம்!

கனகம்மாசத்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சரி, பார்த்திருக்க மாட்டீர்கள், தூங்கிக்கொண்டே கடந்திருப்பீர்கள். சென்னையிலிருந்து திருப்பதி போகிற பஸ், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணியைத் தொடுவதற்குள் ஒரு நிமிஷம் நிற்குமே, அந்த ஊர். கால்நடையாகவே மலையேறப் போன காலத்தில் இங்கே ஒரு திண்ணையும் ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தது என்பதற்குப் பேரே சாட்சி. அமெரிக்காவில் ஓட்டப் பந்தயக்காரர்கள் இதையே 'எய்ட் ஸ்டேஷன்' என்று சொல்லி, வாழைப்பழம் வைத்துக் கைதட்டுகிறார்கள்!

நாங்கள் நாலு பேர் போன கத்திரியில் இங்கிருந்துதான் கிளம்பினோம். நான், எங்கள் ஆபீஸ் கேஷியர், ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், அப்புறம் 'ராக்கெட்' என்று நாங்கள் கூப்பிடும் கம்ப்யூட்டர் செக்‌ஷன் தம்பி. மெடல் கிடையாது, நம்பர் பனியன் கிடையாது, என்ட்ரி ஃபீஸ் கிடையாது. மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதற்கு மேலே போனால் 'அல்ட்ரா'. தார் ரோட்டை விட்டு ஏரிக்கரை, வரப்பு, வண்டித் தடம் என்று போனால் 'டிரெயில்'. திருவாலங்காடு, திருத்தணி, திரும்ப சத்திரம் என்று முக்கோணமாகச் சுற்றினால் எங்கள் கணக்குக்கு 50 வந்தது.

"அதுக்கு மே மாசம்தான் கிடைச்சுதா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கலிஃபோர்னியாவில் மரணப் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். அங்கே கொதிக்கிற ஜூலை மாதத்தில், 217 கிலோமீட்டருக்கு 'பேட்வாட்டர்' என்று ஓர் ஓட்டம் நடத்துகிறார்கள். அதைப் படித்துவிட்டு ராக்கெட் ஏற்றிய சூடுதான் இது. நமக்கு அவ்வளவு தூரம் போவானேன்? கோடையில் டி.வி. நியூஸில் 'இன்றைய அதிகபட்ச வெயில்' என்று ஆரம்பித்தாலே வேலூருக்கும் திருத்தணிக்கும்தானே போட்டி! சூரபத்மனோடு சண்டை போட்ட கோபம் தணிந்து முருகன் உட்கார்ந்த மலை என்பதால் தணிகை என்று பேர். கோபம் தணிந்தது வாஸ்தவம். வெயில்தான் தணியக் காணோம்.

ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு ஒப்பந்தம்: யாரும் தனியாகப் போகக்கூடாது, யாரையும் தனியாக விடக்கூடாது.

ராத்திரியில் ஓடினால் குளுகுளு என்றிருக்கும் என்று நினைப்பவர்கள் பகலெல்லாம் வெயில் குடித்த பாறைப் பக்கம் போய் நிற்க வேண்டும். அது ராத்திரியில் வட்டியோடு திருப்பித் தருகிறது! காற்றும் அசையவில்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். புழுக்கத்தில் அது காயாது, சொட்டும். தண்ணீரோடு உப்பும் போய்விடும். கரும்புத் தோட்ட ஓரத்தில் சோகை முழங்காலைக் கீறியது இலவச இணைப்பு.

திருவாலங்காடு சேர்ந்தபோது கோயில் சாத்தியிருந்தது. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. கயிலைக்குத் தலையால் நடந்து போன காரைக்கால் அம்மையார், இறைவன் சொல்லி வந்து தங்கிய ஊர். அந்த ஊரில் காலால் மிதிக்கவே திருஞானசம்பந்தர் தயங்கி வெளியே தங்கினார் என்பார்கள். நாங்கள் ஒன்பதாம் நம்பர் ஷூவோடு நின்றோம். இன்ஷூரன்ஸ் சத்தமில்லாமல் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

பக்கத்திலேயே பழையனூர். நீலி கதை கேட்டிருப்பீர்கள். பழிவாங்க வந்த பேய், அழுகிற மனைவி மாதிரி வேஷம் போட்டது. "இவளோடு போ, உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிரை விடுகிறோம்" என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்தார்கள் எழுபது வேளாளர்கள். விடிந்ததும் அவன் செத்துக் கிடக்க, எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். நடுராத்திரியில் அந்த ஊரைத் தாண்டும்போது இந்தக் கதையைக் கேஷியர்தான் சொன்னார், ரசித்து ரசித்து.

ஒன்றரை மணி இருக்கும். கேஷியரின் கதை நின்றுபோனது. டார்ச் அடித்துப் பார்த்தால் கை சில்லென்று பிசுபிசுக்கிறது, மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. "குளுருதுப்பா" என்றார். அந்தப் புழுக்கத்தில்! இரண்டு அடி வைத்தார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ராக்கெட் வாட்ச்சைப் பார்த்தான். "ஸார், நீங்க ரெண்டு பேரும் இவரைப் பாத்துக்குங்க. நான் நல்ல டைம்ல இருக்கேன்..."

இன்ஷூரன்ஸ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேர் என்ன? இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேஷியரைத்தான் கேட்டார். உளறினால் ஆபத்து, உடம்புச் சூடு மண்டைக்கு ஏறிவிட்டது, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று அர்த்தம். "சனி... இல்ல, பன்னெண்டு தாண்டிடுச்சுல்ல, ஞாயிறு" என்றார் கேஷியர். கேஷியர் கேஷியர்தான்!

தூரத்தில் மோட்டார் சத்தம். ராத்திரி கரண்டுக்குக் காத்திருந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

"இன்னா நைனா, போலீஸ் தொரத்துதா?"

விஷயத்தைச் சொன்னோம். "தொட்டியில ஒக்கார வை. தண்ணிய தலையில ஊத்து, வாயில ஊத்தாத" என்றார். கழுத்து, அக்குள் எல்லாம் நனைத்தோம். ராக்கெட்தான் துண்டால் விசிறினான், யாரும் சொல்லவில்லை. கால் மணி கழித்து, காலைக்கு வைத்திருந்த கேழ்வரகுக் கூழைக் கரைத்து, ஒரு கை உப்பு அள்ளிப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு கொடுத்தார் பெரியவர். ராக்கெட்டின் பையில் நூற்றைம்பது ரூபாய் விலையுள்ள ஜெல் பாக்கெட் இரண்டு இருந்தது. அவனும் கூழைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"ஆடிக் கிருத்திகைக்கு இப்டிதான் வருவாங்க. காவடி, கொழந்தை குட்டியோட... செருப்புகூட இருக்காது" என்றார் பெரியவர். அன்றைக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல். ஒருத்தர் கையிலும் வாட்ச் ஓடாது.

கேஷியருக்கு முகம் தெளிந்துவிட்டது. "நான் வர்றேம்ப்பா" என்று எழுந்தார். இன்ஷூரன்ஸ் தோளை அழுத்தி உட்கார வைத்தார். யார் கூட இருப்பது என்ற பேச்சே எழவில்லை. ராக்கெட் ஷூவைக் கழற்றிவிட்டுத் தொட்டி மேலே காலைத் தொங்கப்போட்டான். "விடிஞ்சதும் முதல் பஸ்ஸுல கூட்டிட்டு வர்றேன். நீங்க போங்க ஸார்."

நாங்கள் இரண்டு பேர் நடந்தும் ஓடியும் ஐந்து மணிக்குத் திருத்தணி சேர்ந்தோம். 1960 ஏப்ரல் 1 வரை இது ஆந்திரா. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி வாங்கித் தந்த ஊர். மலைக்கு 365 படி, வருஷத்தில் நாளுக்கு ஒன்றாக. ஆங்கில வருஷப் பிறப்பன்று எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்கார துரைகளைப் பார்க்க ஓடிய குமாஸ்தாக்களை, "தணிகை துரையைப் பாருங்கள்" என்று திருப்பிவிட்டாராம் வள்ளிமலை சுவாமிகள். டிசம்பர் 31 ராத்திரி படிபூஜை அப்படி வந்ததுதான். ஆபீஸ்காரர்களுக்கு இந்தப் படிகள் பழக்கம் என்று சொல்லிக்கொண்டே ஏறினோம். இருநூறாவது படிக்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஏழு மணிக்கே வெயில் முதுகில் அறைந்தது. சத்திரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் எதிரே இரண்டு உருவங்கள். கேஷியர் கையில் சொம்பு. ராக்கெட் கையில் உப்புப் பொட்டலம்.

"மோர்... டீக்கடைல சொல்லி வாங்கினேன்" என்றார் கேஷியர். "ஆடிக் கிருத்திகை எந்தக் கிழமை வருது? லீவு லெட்டர் இப்பவே குடுத்துடணும்!"