புள்ளி மறைந்த பின்னும் மருந்து

மீனின் உடலில் ரவை தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிவதற்கு முன்பே, அது கூழாங்கல்லிலும் ஹீட்டரிலும் உடலை உரசுவதும், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு வேகமாக மூச்சுவாங்குவதும் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகின்றன. புள்ளியே தென்படாமல், செவுளில் மட்டும் நோய் முற்றி மீன் இறப்பதும் உண்டு.

இந்த வெண்புள்ளி நோய்க்குக் காரணம் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, அதாவது வேறோர் உயிரின் உடலைத் தின்று வாழும் நுண்ணுயிர்.

மேல்தோலுக்கு அடியில் பதுங்கி வளர்வதால் அங்கே அதனை மருந்து எட்டுவதில்லை.

முதிர்ந்ததும் அது மீனை விட்டு நீங்கி, தொட்டியின் அடியில் உறை கட்டி, உள்ளே பலமுறை பிரிந்து, நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகளாக வெளிவருகிறது. அவை ஏறத்தாழ 2 நாட்களுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் மடிந்துவிடும். மருந்துக்கு அவை அகப்படுவது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே, புள்ளிகள் மறைந்த அன்றே சிகிச்சையை நிறுத்துவது, அடியில் உறைக்குள் இருப்பவற்றுக்கு வழிவிடுவதாகும்.

வெப்பமண்டல மீன்களுக்கு நீரின் வெப்பநிலையைப் படிப்படியாக 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தினால் இச்சுழற்சி விரைவுபடும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறையுமாதலால் ஏர் பம்ப் இடைவிடாமல் ஓட வேண்டும். மாலகைட் கிரீன் கலந்த மருந்தை இடும்போது ஃபில்டரிலுள்ள கரியை அகற்ற வேண்டும், ஏனெனில் கரி மருந்தை உறிஞ்சிவிடும். லோச் வகை மீன்கள் இம்மருந்தை எளிதில் தாங்கா.

இந்நோய் தொட்டிக்குள் நுழையாமல் தடுக்க, கடைப் பையின் நீரோடு புதிய மீனை நேரே தொட்டியில் விடாமல், முதல் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனிக்க எத்தனை வீடுகளில் ஏற்பாடு இருக்கிறது?