மூடிய உதடுகள்

என் மகள் புதுநன்மை வாங்கிய நாளில் எடுத்த நிழற்படம், எங்கள் வீட்டுக் கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படத்தருகே தொங்குகிறது. வெண்ணிற உடை, தலையில் மலர்முடி, கையில் மெழுகுதிரி. உதடுகள் மட்டும் இறுக மூடியிருக்கும். "பல்லைக் காட்டாதே" என்று அன்று அவள் காதோடு சொன்னவள் நானேதான்.

மேல்வரிசையில் நடுப்பற்களுக்கு இருபுறமும் இருக்கும் வெட்டுப்பற்கள், அவளுக்குச் சிறு முளைகள்போல் கூம்பி, இடைவெளி விட்டு நின்றன. என் சொல் அவள் உள்ளத்தில் தைத்துவிட்டது. அதுமுதல் கையால் வாயை மறைத்தே சிரித்தாள். நல்ல குரல் இருந்தும் பாடகர் குழுவில் சேர மறுத்தாள்.

பத்தொன்பதாம் வயதில், "அம்மா, பல்லைச் சரிசெய்துகொள்ளட்டுமா?" என்று கேட்டாள். ஆண்டவர் தந்த உருவத்தை மாற்றுவது வீண்பெருமையன்றோ என்று நான் தயங்கினேன். முதலில் பார்த்த மருத்துவர், பற்களை அராவி உறை போடலாம் என்றார். நோயற்ற பல்லை அராவ எங்களுக்கு மனம் வரவில்லை.

மற்றொரு மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். இது பெரும்பாலும் பரம்பரையாய் வரும் அமைப்பு. நூற்றுக்கு ஏறக்குறைய இருவருக்கு உண்டு. பல்லின் எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்பதை, 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர் வெளியிட்டார். அம்முறைப்படி, பல்லின் நிறமொத்த பிசினைப் படலம் படலமாக வைத்து, நீல ஒளியால் இறுகச் செய்து, மெருகிட்டார். அராவவில்லை, ஊசியும் தேவைப்படவில்லை. இடைவெளி மிகுந்தோர் சிலருக்கு முதலில் கம்பி கட்ட நேரிடுமாம். சில ஆண்டுகளில் பிசினில் கறை படியலாம், ஓரம் உடையலாம். அப்போது அதனை மட்டும் பழுதுபார்க்கலாம். நகம், பேனாமூடி கடிக்கலாகாது. "சொந்தப் பல் உள்ளே அப்படியே இருக்கிறது, அம்மா" என்று அவர் சொன்னபோது என் தயக்கம் அகன்றது.

கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள் மகள். ஆனால் மறுகணமே அவள் கை பழக்கத்தால் வாயை மூட எழுந்தது. என் நெஞ்சு துணுக்குற்றது. அன்றிரவு செபமாலை முடிந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் மடியில் தலைசாய்த்தாள்.

பற்கள் ஒரு முற்பகலில் சீராயின. அந்தக் கை இறங்கப் பல மாதங்களாயின. இப்போது ஞாயிறு திருப்பலியில் அவள் பதிலுரைப் பாடல் பாடுகிறாள்.

பெற்றோரே, பிள்ளையின் பல்லில் குறை கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அதற்குமுன், அப்பிள்ளையைச் சிரிக்க விடுங்கள்.