மொட்டைப் பனையும் பச்சைக்கிளியும்

திருத்தங்கல் 2021இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. நின்ற நாராயணப் பெருமாள் கோயில் மலையும் பட்டாசுத் தொழிலும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஊரைத் தாண்டினால் கரிசல்காடு, மானாவாரி மக்காச்சோளம், கண்மாய்க்கரைப் பனை என்று சம்சாரிகளின் உலகம் தொடங்குகிறது.

கொண்டை போன மொட்டைப் பனை நமக்கு விறகு, பச்சைக்கிளிக்கு வீடு. தை, மாசி வந்தால் பட்ட மரத்துப் பொந்தில் முட்டையிடும். பறவைக் கடத்தல் தொடங்குவதும் அங்கேதான். சிறகு முளைக்காத குஞ்சை எடுத்து விற்கிறார்கள். பல வழியிலேயே செத்துவிடும். பிழைத்தது சிறகு நறுக்கப்பட்டுக் கூண்டுக்குப் போகும்.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையிலிருக்கும் கிளி, தினமும் இலைகளால் புதிதாகக் கட்டப்படுவது, மூக்குக்கு மாதுளம்பூ. வீட்டுக் கூண்டில் இருப்பதோ உயிர்க்கிளி.

'ஒரு கிளி வளர்த்தால் குற்றமா?' என்றால், ஆம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குச் சீட்டெடுத்துக் கொடுத்த ஜோசியக் கிளியால் வனத்துறை நடவடிக்கையே வந்தது. கவுதாரிக்கும் காட்டுக் காடைக்கும் இதே சட்டம்தான். பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை வேறு. கவுதாரி கறையானைத் தின்கிறது என்பதையாவது கண்ணி வைப்பவர்கள் நினைக்க வேண்டும்.

'கதிரைக் கொத்தும் கிளிக்கு வலை போட்டால் என்ன?' இது நியாயமான கோபம். கிளி தின்பதைவிடச் சிதைப்பது அதிகம். ஆனால் வலையில் விழுந்ததை வாங்கத்தான் வியாபாரி வருகிறான். சேதம் பெரும்பாலும் ஓரத்து வரிசைகளில்தான். அங்குள்ள கதிர்களை மட்டும் அந்தந்தச் செடியின் தோகையாலேயே சுற்றிவிடலாம். கதிர் பால் பிடிக்கும்போது, பளபளக்கும் ரிப்பனைக் கம்புகளுக்கிடையே முறுக்கிக் கட்டினால் காற்றில் மினுங்கி இரையும். முன்கூட்டியே கட்டினால் கிளி பழகிவிடும், பிறகு பயனில்லை.

பட்ட பனையை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சித்திரை கழியட்டும். பொந்தில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே கிளி இருந்தால் திறந்துவிட வேண்டாம். சிறகு நறுக்கிய கிளியைப் பூனை விடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.