இடிந்த கோட்டையும் இடியாத ஆட்டமும்

மகா சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னால் பத்து வயது மகள், எழுபத்தெட்டு வயது மாமியார், மூன்று பை, ஒரு தண்ணீர்க் கூஜா சகிதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சித்தி வீட்டில் போய் இறங்கினேன். சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் என் மகளின் குழு ஆடுவதாக இருந்தது.

மாமியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "வீட்டோட கத்துக்கட்டும், வேண்டாங்கலே. ஊர் பார்க்க மேடையில ஏறணுமா?" என்று ஒரு மாதமாக ஒரே பல்லவி. நடராஜர் தரிசனம் கிடைக்குமே என்றுதான் கூட வந்தார்.

மறுநாள் காலையில் தேவனாம்பட்டினத்துக்குப் போனோம். கெடிலம் ஆறு கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 'இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும்! புதரும் மண்மேடும் செங்கல் சுவர்த் துண்டுகளுமாகக் கொஞ்சம்தான் மிச்சம்.

1690இல் இங்கிலீஷ் கம்பெனியார் மராத்தியரிடமிருந்து இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். எவ்வளவு நிலம் சேர்த்தி என்று எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டார்கள். குண்டு போய் விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம்! அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று அந்தப் பெயர் இன்றும் புழங்குகிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும் இதுவே கம்பெனிக்குத் தலைமையிடமானது. பிறகு ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்தார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். அறுபத்தெட்டே வருஷத்தில் எல்லாம் முடிந்தது.

"இவ்வளவுதானாம்மா கோட்டை?" என்று மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

"பீரங்கி வச்சுக் கட்டினது பீரங்கியாலயே போச்சு" என்றார் மாமியார்.

மத்தியானம் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர்.

சாயங்காலம் கிழக்குக் கோபுர வாசலில் நின்றோம். இரண்டு பக்கச் சுவரிலும் நூற்றெட்டு கரணங்கள், அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகள், சின்னச் சின்னச் சிற்பங்களாக இருக்கின்றன. கூடவே பரத முனிவரின் நாட்டிய சாஸ்திர வரிகளையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவங்கல்லாம் பொம்பளைங்கதானே?"

"ஆமாம் அத்தை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் சின்னப் பொண்ணா இருக்கறப்போ எங்க ஊர் கோயில் தெருவுல ஒரு அம்மா இருந்தாங்க. முன்னே கோயில்ல ஆடினவங்களாம். அவங்க வாசல்ல நின்னாலே எனக்கு அடி விழும். நவராத்திரிக்குக் கூட யாரும் அவங்களைக் கூப்பிட மாட்டாங்க. ஆட்டம் சாமிக்குன்னா, ஆடினவளுக்கு மட்டும் ஏன் அந்தப் பேரு?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கு ஆட்டத்தின் மேல் வெறுப்பில்லை. பேத்திக்கும் அந்தப் பேர் வந்துவிடுமோ என்ற பயம்.

தெரிந்ததைச் சொன்னேன். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை 1947இல் சென்னை மாகாணச் சட்டம் நிறுத்தியது. அந்தக் கலையைக் காப்பாற்றித் தந்ததும் அதே குடும்பங்களின் பெண்களும் நட்டுவனார்களும்தான். 1981இல் நாட்டியாஞ்சலி தொடங்கியது. இதில் போட்டியில்லை, பரிசில்லை. நடராஜருக்கு ஆட்டமே காணிக்கை. இப்போது வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து ஆடுகிறார்கள்.

ஆட்டத்துக்கு முன் ஒரு கலவரம். மகளின் சலங்கைக் கயிறு அவிழ்ந்துவிட்டது. என் கை நடுங்கியது. மாமியார் சட்டென்று தரையில் உட்கார்ந்து, பேத்தியின் காலை மடியில் எடுத்து வைத்து, இறுக்கிக் கட்டிவிட்டார். "போ, பயப்படாம ஆடு" என்றார்.

நடுவில் மகள் ஓர் அடி தப்பவிட்டாள். பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சமாளித்தாள். ஏழு நிமிஷம், அவ்வளவுதான்.

திரும்பும்போது ரயிலில் எதிர் சீட்டு அம்மாளிடம் மாமியார் தாமாகவே பேச்சைத் தொடங்கினார்: "எம் பேத்தி சிதம்பரத்துல ஆடினா, தெரியுமோ?"

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

• விழா நாட்களில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

• கோயிலில் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கோபுரச் சிற்பங்களைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

• கோட்டைப் பக்கம் நிழல் குறைவு. குடையும் குடிதண்ணீரும் அவசியம்.

• ஆடும் குழந்தைக்கு இரண்டு மணி நேரம் முன்பே லேசான ஆகாரம் கொடுங்கள். மேக்கப்பைக் கலைக்கத் தேங்காய் எண்ணெய், பழைய பருத்தித் துணி, ஊக்கு, கூடுதல் கயிறு மறக்க வேண்டாம்.

• சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடாமல் சிதம்பரத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். வீட்டுப் பெரியவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.